கெட்டில் நின்றபோது

அத்-பாஷியில் நவம்பர்.
பிரசவ ஆஸ்பத்திரியின் பின்சுவரில்
டிரில் இறங்க மறுக்கிறது.
செங்கல்லுக்குள்ளும் பனி.

இரண்டு குழாய்கள் பதிக்கிறேன்.
சாம்பல் நிறத்தில் ஒன்று:
இருநூற்று இருபது வோல்ட், மாறுதிசை,
நாரின் பக்கமிருந்து கணவாய் ஏறி வருவது,
காற்றடித்தால் வராதது.
ஆரஞ்சில் இன்னொன்று:
நூற்றிருபது, நேர்திசை,
கூரைப் பலகைகளில் பிறந்து
நிலவறையில் பத்து பேட்டரிகளுக்குள் தூங்குவது.
இரண்டையும் ஒரே குழாயில் விடக் கூடாது, அது விதி.
ஒரு முழம் தள்ளித் தள்ளி ஓடுகின்றன,
பேச்சு முறிந்த சம்பந்திகள்
ஒரே கல்யாணத்துக்கு வந்ததைப் போல.

கணக்காளர் பெக்தெமிர் கேட்டார்:
"ஒரே கட்டடத்துக்கு எதற்கு இரண்டு கரண்ட்?
ஒரு இன்வெர்ட்டர் வாங்கினால் தீராதா?"

ஒரு எல்.இ.டி. பல்பை உடைத்து
அவர் மேஜையில் கொட்டினேன்.
வெயில் தருவது நேர்திசை.
இன்வெர்ட்டர் அதை மாறுதிசையாக்கும், கொஞ்சம் தின்னும்.
பல்பின் கழுத்திலிருக்கும் இந்தப் பொடிச் சில்லு
அதைத் திரும்ப நேராக்கும், அதுவும் கொஞ்சம் தின்னும்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம், ஐயா.

அவர் மூக்கைத் தொடவில்லை.
கம்பி விலைப்பட்டியலைத் தொட்டார்.
அங்கே எனக்கு வாயில்லை.
வோல்ட் குறைந்தால் செம்பு பருத்தாக வேண்டும்.
செம்பின் விலை எனக்கும் தெரியும்.

ஆகவே வெளிச்சமும் சிசுக்களின் சூட்டு மெத்தைகளும்
ஆரஞ்சுக்கு.
சலவை இயந்திரம், நீராவிப் பெட்டி,
செவிலியர் அறையின் கெட்டில்
சாம்பலுக்கு.
பெக்தெமிர் கையெழுத்திட்டார், பேனா இரண்டு முறை நின்றது.

இனி வருவது என் தவறு.
நேர்திசைக்கான ஸ்விட்ச் ஒன்று குறைந்தது.
பிஷ்கெக்கிலிருந்து வரும்வரை இருக்கட்டும் என்று
கடைத்தெருவில் கிடைத்ததைப் பொருத்தினேன்,
ஒரு நாளுக்கு.
அந்த ஒரு நாளை மறந்து ஐந்து வாரம் ஆனது.

மாறுதிசை நொடிக்கு நூறு முறை
சுழியைத் தொட்டுவிட்டுப் போகிறது.
தொடர்பு பிரியும்போது பொறி தொங்கினாலும்
அடுத்த சுழியில் அதற்கு உயிர் இருக்காது.
நேர்திசைக்குச் சுழி கிடையாது.
பிடித்தால் பிடித்ததுதான்.

ஷாயிர்பெக் துடைப்பத்தோடு போகிற போக்கில்
ஸ்விட்சைத் தட்டி அணைத்தார்.
மூடிக்குள் ஒரு நீல நாக்கு நின்றது.
அணைத்தேன், அணையமாட்டேன் என்கிறது
என்று கத்தினார்.
பிளாஸ்டிக் ஒழுகித் தரையில் சொட்டியது.
நிலவறைக்கு ஓடினேன், பதினாறு படி,
பிரேக்கரை இழுத்தேன்.

நல்லவேளை, அன்று மெத்தைகள் காலி.
இந்த வரியை எழுதும்போதும் கை சில்லிடுகிறது.

அந்தக் கருகல் கட்டி
இப்போதும் என் கோட்டுப் பையில்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
பேட்டரிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
யாரும் இருக்கச் சொல்லவில்லை.
மேலே ஒரு பெண்ணுக்கு வலி.
வெளியே பனிப்புயல், ஜன்னல் முழுக்கச் சுண்ணாம்பு.

மருத்துவச்சி காலினூர் பிறகு சொன்னாள்:
தலை தெரிந்துவிட்டது, தள்ளு தள்ளு என்று
சொல்லிக்கொண்டிருக்கையில்
அடுத்த அறையில் ஏதோ மௌனமானது.
என்ன அது என்று யோசிக்க நேரமில்லை.
குழந்தை அழுதபின்தான் பிடிபட்டது:
கெட்டில்.
பாதிக் கொதியில் நின்றிருந்தது.

நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாளாம்.
அது இமைக்கவே இல்லை.
ஊரே இருண்டு நாற்பது நிமிடம்.

வெதுவெதுப்பான டீயைக் கீழே கொண்டுவந்து தந்தாள்.
தேயிலை மேலே மிதந்தது, மென்று குடித்தேன்.

பேட்டரியில் மிச்சம் அறுபத்தொரு சதவீதம்.
குழந்தை மூன்று கிலோ இருநூறு.

பதிவேட்டில் இரண்டையும்
ஒரே வரியில் எழுதினேன்.
அதைத் தடுக்க விதி ஏதும் இல்லை.