இல்லாத கால்

பொகவந்தலாவையில் ஏற்றிய தேயிலை, நூற்றெண்பது மூட்டை.
கினிகத்தேனை இறக்கத்தில்
எக்ஸோஸ் பிரேக் லீவரை இழுத்தேன்.
வழக்கமாக லொறி
மூக்கைப் பொத்திக்கொண்டு முனகும்,
என் முதுகை சீட்டிலிருந்து கொஞ்சம் பெயர்க்கும்.
அன்று ஒரு செருமல், அவ்வளவுதான்.
மூன்றாம் கியரில் உருள வேண்டிய வளைவுகளில்
கால் பிரேக்கை மிதித்து மிதித்து
லைனர் கருகிய வாடை
கித்துல்கல வரைக்கும் கூடவே வந்தது.
ட்ரம்மில் தண்ணீர் ஊற்றப் போன டிலுக்ஷனின்
சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
சூட்டில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும்.
பேசாமல் ஒரு மணித்தியாலம்
இருவரும் மதகில் உட்கார்ந்திருந்தோம்.

இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பி ஏறினேன்,
நௌபர் பாஸின் கராஜுக்கு.

"பிடிக்கவே இல்லையா,
பிடிச்சுப் பிடிச்சு விடுதா?"

இரண்டுக்கும் தலையாட்டினேன்.
பயந்தவன் சொல்லும் சாட்சி அப்படித்தான்.
டாஷ்போர்ட் விளக்கு சொல்லியிருக்கும்;
பல்பு போய் மூன்று மாதம்.

காற்றுக் குழாயில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தான்.
ஒரு குமிழி இல்லை.
லீவரை இழுத்தால் வால்வு டிக் என்றது.
சைலன்சர் குழாய்க்குள் இருக்கும் தட்டு மட்டும்
இரவு ஷிப்ட் முடித்தவன் இமை மாதிரி
பாதியில் நின்றது.

கரி.

டீசல் ஊற்றி, தட்டி, திருகி,
ஒரு பிளேன்டீ குடித்து, திரும்பவும் தட்டி,
மத்தியானத்துக்குப் பிறகு தண்டு இளகியது.
டிலுக்ஷன் கரி முகத்தோடு செல்பி எடுத்தான்.
எஞ்சினை முடுக்கி, காலை எடுத்து, லீவரை இழுத்தால்
கராஜ் தகரம் அதிர்ந்தது.
"முடிஞ்சது மச்சான். ஆறாயிரம்."

முதல் வளைவில் பிடித்தது.
இரண்டாவதில் பிடித்து, விட்டது.
மூன்றாவதில்
நான் முருகனையும் அவன் அல்லாஹ்வையும்
ஒரே நேரத்தில் கூப்பிட்டோம்.

மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி ஓரங்கட்டி,
சக்கரத்துக்குக் கல் வைத்து,
எஞ்சினை நிறுத்தாமல் விட்டோம்.
நௌபர் என் காலடியில் குனிந்து
போன் வெளிச்சம் அடித்தான்.

"காலை எடு."
"எடுத்துட்டேன்."
"எடுன்னு சொல்றேன்."
"ரெண்டு காலும் சீட்டுக்கு மேல இருக்கு பாஸ்."
"அப்ப இது யாருட கால்?"

எக்ஸிலேட்டர் மிதி
ஒரு தீப்பெட்டி அட்டை அளவு அமுங்கியிருந்தது.
மிதியில் கால் இருந்தால்
இந்த பிரேக் விலகிக்கொள்ளும்,
அது அதற்குப் பழக்கிய மரியாதை.
கராஜின் சமதரையில் ஒழுங்காக இருந்த சிவப்புக் கம்பளம்
இறக்கத்தில், குலுக்கலுக்குக் குலுக்கல்
முன்னால் நழுவி
மிதியின் அடியில் தலையைக் கொடுத்திருந்தது.

போன வருசம் மேல் பிரிவுக்குப் பாதை போட
அடிக்கல் வைக்க வந்த அமைச்சருக்கு
விரித்த கம்பளம்.
பதின்மூன்று எட்டு நடந்தார், எண்ணியவன் டிலுக்ஷன்.
கல் இருக்கிறது. பாதை இன்னும் வரவில்லை.
மாலை கழுத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே
கார் இறங்கிவிட்டது.
ஆளுக்கொரு துண்டு வெட்டினார்கள், நானும் வெட்டினேன்.
விடியற்காலை நாலு மணிக்கு
தகரத்தில் கால் வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும்
ஏன் என்று.

நௌபர் அதை இழுத்து வெளியே போட்டான்.
லொறி முனகியது, அடிவயிற்றிலிருந்து.
நான் சிரித்தேனா அழுதேனா
டிலுக்ஷனைத்தான் கேட்க வேண்டும்.

ஆறாயிரத்தில் இரண்டாயிரம் மட்டும் எடுத்துக்கொண்டான்.
"கரிக்கு மட்டும்."
கம்பளத்தையும் அவனே வைத்துக்கொண்டான்.
இப்போது அதன்மேல் மல்லாந்து கிடந்து
வண்டிகளின் வயிற்றைப் பார்க்கிறான்.

இன்றைக்கு நூற்றெண்பது மூட்டை.
மூடுபனியில் முதல் வளைவு.
லீவரை இழுக்கிறேன்,
முதுகு சீட்டை விட்டுப் பெயர்கிறது.
உள்ளங்காலில் குளிர் ஏறுகிறது.
ஏறட்டும்.