பூச்சூடாத போர்

முல்லையைக் கழற்றி லாக்கரில் வைக்கிறேன்.
பூ கூடாது, பவுடர் கூடாது, வளையல் கூடாது.
தும்மல் கூடாதென்று எழுதவில்லை,
ஆனாலும் கூடாது.
வெள்ளை உடுப்புக்குள் புகுந்து
கண் மட்டும் மிச்சமாகி
பாயான் லெபாசில், இரவு ஏழிலிருந்து காலை ஏழுவரை
நான் ஒரு நுண்ணோக்கியின் பின்பாதி.

அரிசியில் பாதியாய்க் கறுப்புச் சதுரங்கள்.
கால் கோணியதைக் கழி, நேரானதை அனுப்பு.
எங்கே போகின்றன?
துணி துவைக்கிற மிஷினுக்கு, என்பாள் நூராய்னி.
இல்லை, கார் பிரேக்குக்கு, என்பாள் சியூ லிங்.
பதினோரு வருடமாக இதுதான் எங்கள் கெண்டீன் சண்டை.

செவ்வாய் இரவு ஞானசிகாமணி சார் கூப்பிட்டார்.
திரையில் வயல்.
கோதுமையாக இருக்கலாம், அறுக்க ஆளில்லை.
நடுவே கருகிய சிறகு ஒன்று.
அதன் வயிற்றைக் கிழித்து
நகத்தளவு எதையோ எடுத்து
வெள்ளைத் தாளில் வைத்திருந்தார்கள்.
பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.
லாட் எண் தெரிந்தது.
எண்ணிலிருந்து தேதி, தேதியிலிருந்து ஷிப்ட்,
ஷிப்டிலிருந்து மேசை,
மேசையிலிருந்து
சரஸ்பதி முனியாண்டி.

"பயப்படாதீங்க. பதிவுக்குத்தான்."

ஐந்தாம் படிவத்தில் மனப்பாடம் செய்தது:
மாடு கவர வெட்சி, மீட்கக் கரந்தை,
மண்ணாசைக்கு வஞ்சி,
மதிலை வளைத்தவனுக்கு உழிஞை, உள்ளே நிற்பவனுக்கு நொச்சி,
முகத்துக்கு முகம் தும்பை.
தலையிலிருக்கும் பூவைப் பார்த்தே
வந்தவன் எதற்கு வந்தான் என்று சொல்லிவிடலாம்.
ஆறு மதிப்பெண்.

இந்தச் சிறகுக்குத் தலை எங்கே?
ஓட்டியவன் எந்த ஊர் அறையில்
எந்த நாற்காலியில் காப்பி குடித்தான்?

ஞாயிறு, கடலோரக் கோட்டைக்குப் போனேன்.
ஒரு சண்டையும் பார்க்காத கோட்டை.
பீரங்கி மட்டும்
சுல்தான் சுல்தானாகக் கை மாறி
கடைசியில் வெள்ளைக்காரன் கப்பலில் வந்ததாம்.
பிள்ளை வரம் கேட்டு யாரோ
அதன் வாயில் சாமந்தி செருகியிருந்தார்கள்.
குண்டு போகும் வழியில்
எறும்பு போய்க்கொண்டிருந்தது.

பத்து மவுங் குன்றில் வேறு பீரங்கிகள்,
கடலையே பார்த்துக் கொட்டக்கொட்ட விழித்திருந்தவை.
ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான்,
முதுகுப் பக்கமாக, ரப்பர் தோட்டத்து வழியாக.
டயர் கிழிந்த பிறகும் வெறும் ரிம்மில் உருட்டினானாம்;
அந்தக் கடகடப்பை டாங்கி என்று நினைத்து
ஓடினார்களாம் காவலுக்கு நின்றவர்கள்.
அதற்கும் முன்னால் விமானம்.
ஊரே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தது,
அதுவரை வானத்திலிருந்து
மழையைத் தவிர எதுவும் விழுந்ததில்லை என்பதால்.

அந்த சைக்கிளுக்குக் கம்பி வளைத்தவனை
யாராவது கூப்பிட்டுப்
படம் காட்டியிருப்பார்களா?

என் தேதி, தீபாவளிக்கு முந்திய இரவு.
இரட்டைச் சம்பளம்.
கடைசித் தட்டில் ஒன்று
கோணலா நேரா என்று பிடிபடவில்லை.
திருப்பிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.
ஐயோ பாவம், போகட்டும் என்று விட்டேன்.
அதுவாக இருக்காது.
ஆயிரக்கணக்கில் போனதில் அதுவாகவா இருக்கும்?

படிவத்தின் கடைசிக் கட்டம்: பழுது.
இல்லை, என்று எழுதினேன்.
சொன்ன இடத்தில் சொன்ன நொடியில்
சொன்னபடி வேலை செய்திருக்கிறது.
சார் கையெழுத்துப் போட்டார்.

காலை ஏழு. லாக்கரைத் திறந்தால்
குளிரூட்டியில் முல்லை வாடவே இல்லை.
போருக்குப் போனவனுக்காகக்
காத்திருப்பவளின் பூ என்று
அதற்கும் ஆறு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
வயலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்
எத்தனை வீடோ.

பஸ்ஸில் நூராய்னி இடம் பிடித்து வைத்திருந்தாள்.
எதற்காம் கூப்பிட்டார், என்றாள்.
கண்ணாடியில் மழை.
துணி துவைக்கிற மிஷின் இல்லையாம், என்றேன்.
கார் பிரேக்கா, என்றாள்.