இரண்டு புள்ளி மேலே

ஓட்டப்பட்டையை விட்டு இறங்கிய பிறகும்
அருளம்பலத்தின் மூச்சு ஓடிக்கொண்டேயிருந்தது.
வெளியே நோவீனாவில் மழையாம்.
இரண்டாம் அடித்தளத்துக்கு மழை வருவதில்லை,
குடைகளின் ஈரம் மட்டும்
லிஃப்ட் வாசல் வரை வந்து நிற்கும்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன்.
"போலீஸ் பிடிச்ச மாதிரி" என்றார்.
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டிய இடது தோள்
பாதியில் நின்றுவிட்டது.
தலையணை ஒன்றை அதற்கு முட்டுக்கொடுத்தேன்.
பதினைந்து நிமிஷம். அசையக் கூடாது.
தூங்கலாம், குறட்டை மட்டும் வேண்டாம்.

கேமராவின் இரண்டு தலைகளும் நகர்ந்தன,
ஆளில்லா நிறுத்தத்திலும் நின்று போகும்
கடைசி பஸ்ஸைப் போல:
இருபத்தைந்து விநாடி நிற்கும், பிறகு கொஞ்சம் தள்ளிப்போகும்.
அவர் ஓடி ஓடி உச்சத்தில் இருந்தபோது
நரம்பில் ஏற்றிய டெக்னீஷியம்
ரத்தம் போன இடமெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது.
போகாத இடம் திரையில் இருட்டாகத் தெரியும்.
அந்த இருட்டைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அறுபத்து நான்கு படங்களையும் ஓட்டிப் பார்த்தேன்.
இதயம் ஏறிக்கொண்டிருந்தது.
ஒன்றாம் படத்தில் தாழ்வாரத்தில்,
முப்பத்திரண்டில் மாடியில்.
முப்பத்து மூன்றில் அடுத்த தலையின் சாட்சியம்,
மறுபடியும் கீழிருந்து.
இது அவர் செய்த அசைவு இல்லை.
இரைத்த நுரையீரல் அடங்க அடங்க
உதரவிதானம் உயரும்,
அதன் மேல் குடியிருப்பதும் கூடவே உயரும்.
அசையாமல் கிடக்கிற மனிதனுக்குள்
ஆள் ஏறாத ஒரு லிஃப்ட்.

ஆனால் ஒன்பதில் ஒரு துள்ளல்.
நாற்பத்தொன்றிலும் அதே துள்ளல்.
அது அவர்தான்.

சரிசெய் என்று கணினியிடம் விட்டேன்.
அது ஈரலின் வெளிச்சத்தை இதயமென்று நம்பி
எல்லாப் படத்தையும் அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.
கீழ்ச்சுவரில் பெரிய பள்ளம்.
அழித்துவிட்டுக் கையால் தொடங்கினேன்.
நான்காம் படம், இரண்டு புள்ளி மேலே.
ஐந்தாம் படம், இரண்டு. ஏழாம் படம், ஒன்று.
பள்ளம் தூர்ந்துகொண்டே வந்தது.
இன்னும் அரைப் புள்ளி தள்ளினால்
சுவர் முழுசாகிவிடும்.
விரல் அங்கேதான் நின்றது.
நான் திருத்துகிறேனா,
அவருக்கு ஒரு நல்ல இதயம் வரைந்து தருகிறேனா?

எழுந்து போய்க் கேட்டேன்:
நடுவில் அசைந்தீர்களா?
"நான் ஏன் அசையப்போறேன்?"
பிறகு, கூரையைப் பார்த்து:
"ஒரு தடவை சிரிப்பு வந்துச்சு.
யார் ஒட்டினது இந்தக் கப்பல் படம்?
நாற்பதடிப் பெட்டிக்கு மேல
இருபதடிப் பெட்டி ரெண்டை வெச்சிருக்கான்.
எந்தத் துறையில விடுவாங்க?"

ஆறு வருடமாக
அந்தப் படத்தின் கீழ்தான்
ஆட்களைப் படுக்கவைக்கிறேன்.

மைலோ கொடுத்து உட்காரவைத்து
மூச்சு முழுதும் இறங்கிய பிறகு
மீண்டும் படுக்கவைத்தேன், கண்களை மூடச் சொல்லி.
இந்த முறை இதயம் வைத்த இடத்தில் இருந்தது.
எதையும் தள்ளவில்லை, இழுக்கவில்லை.
பள்ளம் சின்னதாகிவிட்டது.
ஆனால் இருந்தது.

இன்றிரவு அக்கா வீட்டு விருந்துக்கு
ஜொகூர் போக வேண்டுமாம்.
உட்லண்ட்ஸில் கருவி கத்தினால் காட்ட
ஒரு கடிதம் அடித்தேன்:
இவர் உடலில் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு,
மருத்துவத்துக்காக,
நாளைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்,
இடது பக்கம்.

"படத்தில என்ன தெரிஞ்சது?"
டாக்டர் சொல்வார் என்றேன்.
அவர் என் முகத்தையே பார்த்தார்,
அறுபதடி உயரத்திலிருந்து
ஒரு பெட்டியின் நான்கு மூலையையும் பார்க்கிறவர்.
அசையாமல் வைத்திருந்தேன் முகத்தை.
அசைந்திருக்கும்.
என்னை யார் ஓட்டிப் பார்ப்பது?