பெப்ரவரிக்காரி

பல் வைத்தியருக்கு நான் ஜூன் நான்கு.
வங்கிக்கும் வாகனக் காப்புறுதிக்கும் அப்படியே.
வேலையிடத்தில் அட்டையில் பலூன் கீறி
எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் லோரெய்னுக்கும்
ஜூன் நான்கு.
இந்த முறை நாற்பதாவது, பெரிதாகச் செய்யவேண்டும் என்று
இப்போதே காசு சேர்க்கிறாளாம்.
சிரித்துவைக்கிறேன்.
என் நாற்பது வந்துபோய் இரண்டு வருடம்.

ஜூன் நான்கில் பிறந்தவள் யாரோ ஒரு பிள்ளை.
ஏஜென்சிக்காரன் தந்த கடவுச்சீட்டில்
அவளுடைய படம் இருந்த இடத்தில் என் படம்.
விமானத்தில் அம்மா
நித்திரையால் எழுப்பி எழுப்பிக் கேட்டாள்:
எப்ப பிறந்தனி? எப்ப பிறந்தனி?
பெயரைப் பிறகு திரும்ப வாங்கினோம்.
திகதியைக் கேட்கப் போனால்
வேறு கேள்விகள் வரும் என்று விட்டாயிற்று.

ஸ்காபரோவில், பதினான்கு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில்,
உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கு நடுவே
தர்மினிக்கு மட்டும் சொன்னேன்.
அன்று எனக்கு ஒன்பது.
கடதாசியில் ஆறும் சொச்சமும்.
இரண்டு வகுப்பு மேலே படித்த திமிரில்
என்னைத் தங்கச்சி மாதிரி அதட்டிக்கொண்டிருந்தவள்,
நான் தன்னைவிட மூன்று மாதம் மூப்பு என்றதும்
கண்ணாடிக்குள் சுற்றிய அப்பாவின் சேர்ட்டையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு மேலே ஓடிப்போய்
ஒரு கிறீம் பிஸ்கட்டும் நெருப்புப்பெட்டியும் கொண்டுவந்தாள்.
குச்சி பிஸ்கட்டில் நிற்கவில்லை.
தானே பிடித்தாள், விரல் சுடும்வரை.
"ஊது, பெப்ரவரிக்காரி."

எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
அவர்கள் குளியலறை.
பெப்ரவரி பதினேழு வந்தால் கரண்டியால் தட்டுவாள்.
பத்து. அடுத்த வருடம் பதினொன்று.
பதினான்கில் அவள் அப்பா கரண்டியைப் பறித்துவிட்டார்.
மிச்சத்தைச் சீப்பால் தட்டினாள்.

இப்போது நாங்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை.
சண்டை என்று ஒன்றுமில்லை.
அவளுடைய கடைசிப் பெடியனின் பெயர்
ஆதவனா ஆரூரனா என்பது எனக்கு நிச்சயமில்லை,
கேட்கும் காலமும் கடந்துவிட்டது.
ஆனாலும் வருடத்தில் ஒரு விடியற்காலை
தொலைபேசி ஒரேயொரு தரம் அடித்து நிற்கும்.
நான் எடுப்பதில்லை.
எடுத்தால் சுகம் விசாரிக்கவேண்டி வரும்.

இன்று வின்னிபெக்கில் மறை இருபத்தொன்பது.
இரவெல்லாம் காருக்குச் சூடு கொடுத்த வயரைக் கழற்றிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.
தொலைபேசி அடிக்கவில்லை.
மத்தியானம் ஒரு எலுமிச்சை மஃபின் வாங்கி
வாகனத் தரிப்பிடத்தில், கையுறையோடு,
கண்ணாடியில் மூச்சு உறைய உறையத் தின்றேன்.
பின்னேரமும் அடிக்கவில்லை.
மகளுக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை.
இவர் குப்பைத்தொட்டியை வெளியே வைத்துவிட்டுப் படுத்தார்.
இவருக்கும் ஒருமுறை சொல்லித்தான் இருக்கிறேன்,
ஜூனுக்கே பழகிவிட்டார்.
அம்மா போனபின் அந்தத் திகதிக்கு வேறு ஆளில்லை.

முப்பத்திமூன்று வருடம் ஒருத்தி
ஞாபகம் வைத்திருந்ததே பெரிய காரியம் என்று
பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.
ஒரு கோப்பையை இரண்டு தரம் துடைத்தேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
ஒரு குறுஞ்செய்தி.
"ஐயோ, இஞ்சை பதினெட்டாகிட்டுதடி.
உன்ரை பக்கம் இன்னும் முடியேல்லைத்தானே?"

முடியவில்லை.
அவளுடைய ரொறன்ரோவைவிட
ஒரு மணித்தியாலம் பிந்திய ஊரில்
சம்பளம் குறைவு, குளிர் கூட, மீன் நல்லதில்லை என்று
எத்தனை தரம் புறுபுறுத்திருப்பேன்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
நானே அழைத்தேன்.
அவள் ஹலோ சொல்லவில்லை.
மூச்சு வாங்குவது கேட்டது.
பிறகு எங்கேயோ ஒரு லாச்சி இழுபடும் சத்தம்,
இருட்டில் கரண்டிகள் புரளும் சத்தம்.