பதினொரு மில்லிமீட்டர்

கொடுத்த கடன் மூன்று லட்சத்துக்குப் பதிலாக
மச்சான்காரன் விட்டுப் போன மொரிஸ் மைனரை
கேதீஸ்வரன் என் வாசலுக்குக் கொண்டுவந்தது
லொறியில்.
முன் சக்கரம் ஒன்று உள்ளே மடங்கி,
படுக்கப் போகும் மாடு முதலில் மடக்குமே
அந்தக் கால் மாதிரி.

கிறீஸ் காணாத ட்ரனியன்.
பெரகலை இறக்கத்தில் கழன்றிருந்தால்
கடன் அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. வங்கியில் வேலை.

புதிதாகவே செய்துவிடு அமலி,
வெளியே மட்டும் ஒன்றும் தெரியக்கூடாது.

சரி.
ஏலத்தில் எடுத்த சனல் இரும்பில் ஒரு ஜிக்.
வேனிலிருந்து கழற்றிய போல் ஜொயின்ட் நான்கு.
கைகளுக்குத் தடித்த குழாய்.
புஷ் உறைகளைப் பண்டாரவளையில் ஃபர்ஸான் கடைந்து தந்தான்,
ஒன்றை மட்டும் அரை மில்லி பெரிதாக.
திருப்பி அனுப்பினேன். திட்டினான். கடைந்தான்.

அப்புத்தளையில் மூடுபனிக்கு நேரங்காலம் இல்லை.
கதவிடுக்கால் வந்து
வெல்டிங் குச்சிப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும்.
ஈரக் குச்சியில் பிடித்த ஒட்டு
பார்வைக்குப் பளபளக்கும்,
உள்ளே புழுத் துளைத்த கொய்யா.
அதனால் பியரத்ன முதலாளியின் பேக்கரியில்
இரவுப் பாண் இறங்கியதும்
போறணைக்குள் என் குச்சிகள் போகும்.
விடியற்காலையில் துண்டில் சுற்றிச் சுடச்சுடத் தூக்கிவருவேன்.
பாணில் இரும்பு வாசம் என்று
யாரோ முறைப்பாடு சொன்னார்களாம்.
இரத்தத்துக்கு நல்லது என்றாராம் முதலாளி.

பதினேழாம் நாள் ஓடிப் பார்த்தோம்.
தார் நன்றாயிருந்த வரைக்கும்
காரும் நன்றாயிருந்தது.
முதல் குழியில் இடச் சக்கரம் எழும்ப
கார் தானாக வலப்பக்கம் பார்த்தது.
நான் கையை அசைக்கவில்லை.
இன்னொரு குழி,
இன்னொரு முடிவு, அதுவாக எடுத்தது.
வலப்பக்கம் பள்ளம், பள்ளம் நிறையப் பனி,
பனிக்குக் கீழே என்னவென்று இருவருக்கும் தெரியும்.
கேதீஸ்வரன் கைக்குட்டையை எடுத்து
முன் கண்ணாடியை உட்புறமாகத் துடைத்தார்,
நீண்ட நேரம்.

அன்றிரவு கராஜ் தரையில்
முழு அளவில் சோக்கால் வரைந்தேன்.
மேல் கை, கீழ்க் கை.
இரண்டின் கோடுகளையும் நீட்டிக்கொண்டே போனால்
இரும்பே இல்லாத ஓரிடத்தில் சந்திக்கும்.
கோடு வாசற்படி தாண்டியது,
கடை சாத்திக்கொண்டிருந்த ஹிதாயத் நானாவின்
மரக்கறிகளுக்குள் நுழைந்தது.
அவர் ஏனென்று கேட்காமல்
லீக்ஸ் கட்டுகளைத் தூக்கிப் பிடித்தார்.
அங்கே, உதிர்ந்த கோவா இலைக்குப் பக்கத்தில்,
புள்ளி.

சக்கரம் ஏறி இறங்குவது அதைச் சுற்றித்தான்.
ஸ்டியரிங் கம்பியும் அதையே பார்த்திருக்க வேண்டும்.
என் கம்பி பார்த்துக்கொண்டிருந்தது
நானாவின் தராசை.
பதினொரு மில்லி உயரத்தில் பிடித்துவிட்டேன்.
இவ்வளவுதானா, என்றார் நானா.
மறுநாள் புள்ளியின் மேல் கரட் மூடை இருந்தது.

சொந்த ஒட்டை அறுக்க ஒரு சத்தம் இருக்கிறது.
கிரைண்டருக்கு எல்லா ஒட்டும் ஒன்றுதான் என்பான் ஃபர்ஸான்.
அவன் கடைசல்காரன், அவனுக்கென்ன.

இரண்டாம் தரம் ரயில் கடவையில் ஏற்றினேன்.
தண்டவாளம் உதைத்தது, திரும்ப உதைத்தது.
அவர் பார்க்கும்படியே
ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை எடுத்தேன்.
கார் நேரே போனது,
சம்பள நாளில் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி.

இறங்கினார். குனிந்தார். சுற்றி வந்தார்.
ஒன்றுமே தெரியவில்லையே, என்றார்.
கேட்டது அதைத்தான். ஆனாலும் குரலில் ஒரு சின்னக் குறை,
இவ்வளவு காசுக்கு
ஏதாவது தெரிந்திருக்கலாம் என்பது போல.

தெரிகிற ஒன்று இருக்கிறது.
இடச் சக்கரம் கால் பாகை கூடுதலாகச் சாய்கிறது.
நூல் கட்டிப் பார்த்தவளுக்கு மட்டும்.

சனிக்கிழமை கொண்டுவாருங்கள், என்றேன்,
கிறீஸ் அடிக்க.