ஒன்பது கிராம்

செவ்வாய், அதிகாலை இரண்டு நாற்பதுக்கு எச்சரிக்கை:
வியாழன் விடியலில், தென் அட்லாண்டிக்குக்கு மேலே
உங்களுடையதும் அவர்களுடையதும்
முப்பத்தெட்டு மீட்டரில் கடக்கலாம்.
மோதவும் மோதலாம்,
இரண்டாயிரத்தில் ஒன்று.

எஸ்போவில் மைனஸ் பத்தொன்பது.
ஜன்னலுக்கு வெளியே விரிகுடா உறைந்து கிடக்கிறது.
அதன்மேல் யாரோ நாயோடு நடக்கிறார், இந்நேரத்தில்.
கட்டுப்பாட்டு அறை நீங்கள் நினைப்பது போலில்லை.
நான்கு திரை, ஒரு காபி இயந்திரம்,
ஓஸ்மோ விட்டுப்போன பனிச்சறுக்குக் காலணி,
நான்.

எங்களுடையது குளிர்பெட்டி அளவு.
கப்பல் எண்ணும்.
சான்டோஸ் துறைமுகத்தில் சோயாவுக்குக் காத்து நிற்பவற்றை எண்ணி
சிகாகோவில் யாருக்கோ சொல்லும்.
அவர் அதை வைத்து என்னவோ வாங்குவார், என்னவோ விற்பார்.
நகர்ந்தால் வியாழக்கிழமைப் படம் போச்சு.
அபராதம் உண்டு.

எதிரெதிரே வரும் இருவர்
ஒரே பக்கம் ஒதுங்கி மறுபடி முட்டிக்கொள்வார்களே,
அந்தப் பயம்தான் இங்கேயும்.
அதனால் முதலில் கேட்க வேண்டும்:
நீங்கள் நகர்கிறீர்களா, நான் நகரட்டுமா?
கேட்டேன்.
இயந்திரம் பதில் எழுதியது:
‘இந்நிறுவனம் இயங்கவில்லை.
சொத்துகள் குறித்து அறிய
திவால் நிர்வாகியை, கிளாஸ்கோவில்,
அலுவலக நேரத்தில் அணுகவும்.’

விநாடிக்குப் பதினான்கு கிலோமீட்டர்.
அலுவலக நேரத்தில்.

பழைய பட்டியலொன்றில் ஒரு சொந்த முகவரி அகப்பட்டது.
நான்கே நிமிடத்தில் பதில்:
‘ஹில்லா, விழித்துத்தான் இருக்கிறேன்,
குழந்தைக்குப் பல் முளைக்கிறது.
அது நகராது.
எரிபொருள் இருக்கிறது. கடவுச்சொல் வக்கீல்களிடம் இருக்கிறது.
தங்களிடம் இருப்பது அவர்களுக்கே தெரியாது:
பெட்டி எண் பதினாறு, நாற்காலிகளுக்குப் பின்னால்.
நான் இப்போது பேருந்து ஓட்டுகிறேன்.
மன்னிக்கவும். ஃபிங்கல் மக்காஸ்கில்.’

ஓஸ்மோவை எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே, எவ்வளவு செலவு என்றார்.
ஒன்பது கிராம்.
இரண்டு கரண்டிச் சர்க்கரை;
அதன் ஆயுளில் பதினோரு நாள்.
‘கடன் வைத்துச் செத்தவனுக்கு
நாம் வழிவிட வேண்டுமா?’
வேறு யார் விடுவது என்றேன்.
போனை வைத்துவிட்டார்.
சம்மதம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஸ்வால்பார்டு வழியாகக் கட்டளை ஏறியது.
நாற்பது விநாடி மூச்சு விட்டது,
அவ்வளவுதான்.

ஃபிங்கல் மறுபடி எழுதினார்:
கடக்கும்போது ஒரு படம் எடுக்க முடியுமா?
எங்கள் கண் கீழே பார்த்தே பழகியது, முடியாது.
ஆனால் சிலியிலிருந்து பார்த்தவர்கள்
ஒளி விட்டுவிட்டு வருவதாகச் சொல்கிறார்கள்,
எட்டு விநாடிக்கு ஒருமுறை உருள்கிறது என்றேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
காபி ஆறிவிட்டது.
பிறகு:
‘உள்தகட்டில் பதினோரு பேர் கையெழுத்து.
மோராக் பேனா தீர்ந்துபோய்ப் பாதிப் பெயரோடு நிறுத்தினாள்.
கடைசி மாதச் சம்பளம் யாருக்கும் வரவில்லை.
எட்டு விநாடி, இல்லையா? நல்லது.
ஆறு மணிக்கு எனக்கு வண்டி.’

வியாழன், ஐந்து பன்னிரண்டு.
நடுவே இரண்டு கிலோமீட்டர் இருட்டு.
சத்தமில்லை, திரையில் ஒரு எண் மட்டும் பச்சையானது.
சான்டோஸில் அன்று காலை எத்தனை கப்பல் நின்றன என்று
சிகாகோவில் எவருக்கும் தெரியாது.
நின்றிருக்கும்.
நடக்காத ஒன்றைப் பற்றி மூன்று பக்கம் அறிக்கை எழுதி
வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் கிளாஸ்கோவிலிருந்து ஒரு படிவம் வந்தது:
மேற்படி நிறுவனம் தங்களுக்குக் கடன்பட்டிருப்பின்
தொகையைக் குறிப்பிடவும்.
கட்டட வாடகைக்காரர், நாற்காலிக்காரர்,
காபிக்கொட்டை தந்தவர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.
நானும் போய் நின்றேன்.
தொகை: ஒன்பது கிராம்.
அதற்கடுத்து நாணயம் என்று ஒரு கட்டம் இருந்தது.
காலியாக விட்டேன்.