ஆய்தம்

கீழவெளி வீதி எடைக்கடையில்
ஜெய்லானி தராசில் வைத்தபோது
முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே நின்றது
அல்யூட் அகராதி.
"என்ன பாசைக்கா இது, மலையாளமா?"
ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே
மூடுபனியில் கிடக்கும் தீவுகள் என்றேன்.
"அப்பப் பதினஞ்சு ரூவா குடுங்க."

ஐந்தாம் அத்தியாயத்தில் நாவல் நின்று ஏழு மாதம்.
எழுத வராத நாட்களில் எனக்கு வேண்டியிருப்பது
எதற்கும் தேவைப்படாத ஒரு மொழி.

நாய்க்கு அங்கே சபாகஃ.
புத்தகத்துக்கு க்னீகஃ.
இரண்டும் ரஷ்யர்களோடு வந்திறங்கிய சொற்கள்.
ஒரே கப்பலா, தெரியாது.
ஒரே கப்பல் என்றே வைத்துக்கொள்கிறேன்.
கரையில் முதலில் குதித்தது எது என்பதில் மட்டும்
சந்தேகம் இல்லை.

அந்தக் கடைசி ஒலிக்கு
ஆங்கில எழுத்தின் தலையில் சின்னக் கூரை போட்டிருந்தார்கள்.
நான் ஆய்தம் போட்டேன்.
அஃதும் இஃதும் போனபின்
ஃபேன் கடை, ஃபோன் கடை வாசலில்
வாட்ச்மேன் வேலை பார்க்கும் எழுத்து.
அதற்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும்.
சபாகஃ, என்றேன் சத்தமாக.
கமா காதைத் தூக்கியது
(வாலின் வளைவுக்காக வைத்த பெயர்).
கத்திரி வெயில். நாக்கைத் தொங்கவிட்டு
அதுவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது
ஃ ஃ ஃ

ஆமாம் என்பதற்கு அவர்களும் ஆங் என்கிறார்கள்.
காற்று, வானிலை, வீட்டுக்கு வெளியே
எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ஸ்லஃ.
நாகமலைப் புதுக்கோட்டையிலும் அப்படித்தான்.
கமாவிடம் "வெளியே" என்று சொல்லிப் பாருங்கள்,
காற்றும் வந்துவிடும், வாலிலிருந்து.

ஒரு வியாழக்கிழமை பாங்குக்குப் போய்த் திரும்பினால்
டி எழுத்திலிருந்து கடைசி வரை தின்றிருந்தது.
அட்டையைத் தொடவில்லை. ரசனை.
தல்லாகுளத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர்
மங்கையர்க்கரசி கேட்டார்:
"என்ன சாப்பிட்டுச்சு?"
"அகராதி."
"முழுசாவா?"
"இல்ல, கடைசி நாப்பது பக்கம்."
சீட்டில் காகிதம் என்று எழுதினார்.
இந்த வருடம் நான் எழுதிய எதைவிடவும்
துல்லியமான சொல்.

இரண்டு நாள் விடிகாலை
பக்கத்துக் காலிமனையில் அதன் பின்னாலேயே நடந்தேன்.
படிக்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை.
என் மூன்றாவது நாவலுக்கும்
இதே மதிப்புரைதான் கிடைத்தது.
வேலிக்கருவை ஓரம் நின்று கமா மோப்பம் பிடித்த இடத்தில்
தூசி இருக்கிறது.
முதல் நாவலின் முதல் பிரதியை மோந்து
நான்கு முறை தும்மிய தூசி.
மண்வெட்டி கடன் தந்தவர்
"நாய்க்கு எதுக்குங்க இவ்வளவு ஆழம்" என்றார் அன்று.
ஆழத்துக்கு அல்யூட்டில் என்னவோ, தேடவில்லை.

அலாஸ்கா என்ற பெயருக்கு
கடலின் செயல் எதை நோக்கியோ, அது
என்று பொருளாம்.
மதுரையை நோக்கி எந்தக் கடலும் வருவதில்லை.
வைகையும் வழியில் கண்மாய் கண்மாயாக உட்கார்ந்துவிடுகிறது.
மேசைக்கடியில் என் காலை நோக்கி
ஒரு வால் மட்டும்
அடித்து, போய், அடித்து.

தண்ணீருக்கு அவர்கள் என்ன சொல்வார்கள்?
மிச்சமிருக்கும் பக்கங்களில் எங்கும் காணோம்.
தின்றதில்தான் இருந்திருக்க வேண்டும்.
நாலு நாளைக்கொருமுறை குழாய் இருமும்போது
முதல் குடத்தில் கமாவின் சட்டியை நிரப்புகிறேன்.
சொல் இல்லாமலே நடக்கிறது.
வேறு பிரதி தேடவில்லை.

"இந்த மாசமாவது வருமா?"
பதிப்பாளர் போனில்.
ஆங், என்றேன்.
எந்த மொழியில் என்று அவர் கேட்கவில்லை.

சிமெண்டுத் தரையின் குளுமையில் மல்லாந்து
வயிற்றைக் காட்டி என்னைப் பார்க்கிறது.
தலைகீழ் முகம்:
மேலே மூக்கு, கீழே இரண்டு கண்.
ஃ
ஆய்தம் சொல்லுக்கு முதலில் வராது
என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
குனிந்து சொறிந்துவிடுகிறேன்.